ஹைகேட் கல்லறைத் தோட்டம் காடானது எப்படி

2013-இல் வடக்கு லண்டனின் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் வௌவால் இருக்கிறதா என்று பார்க்கச் சிலர் போனார்கள். அங்கே 'எகிப்திய வீதி' என்று ஒரு பாதை உண்டு. இருபுறமும் கனமான கதவுகள் போட்ட நிலவறைகள், ஒவ்வொன்றிலும் சவப்பெட்டிகளை அடுக்கக் கல் தட்டுகள். பூட்டியே கிடந்த அந்த அறைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் சிலந்திகள். காலை விரித்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வரும், பளபளக்கும் பழுப்பு நிறம். கூரையிலிருந்து வெள்ளைத் துளி போலத் தொங்கின முட்டைப் பைகள். மேட்டா பூர்னெட்டி என்ற குகைச் சிலந்தி அது. வெளிச்சம் அதற்குத் துளியும் ஆகாது.

லண்டனில் குகை ஏது? நகரம் உட்கார்ந்திருப்பதே களிமண் மேல்தான். அந்தச் சிலந்திக்குக் குகை கட்டிக் கொடுத்தவர்கள் விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள். தங்கள் குடும்பம் காலகாலத்துக்கும் தொந்தரவில்லாமல் தூங்க வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கிய இருட்டு, இப்போது சிலந்திக்கு வீடு. ஹைகேட்டில் எங்கே தொட்டாலும் இப்படித்தான்: கட்டடக் கலையின் வரலாறும் காட்டுயிர்களின் வரலாறும் ஒரே காரணத்தில் போய் முடிகின்றன. ஒன்றைப் பிரித்து இன்னொன்றைச் சொல்ல முடியாது.

முதலில் இந்தத் தோட்டம் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

1801-இல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851-இல் அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உயிரோடு இருப்பவர்களுக்கே இடமில்லாத ஊரில் இறந்தவர்களுக்கு எங்கே போவது? தேவாலயத்தைச் சுற்றியுள்ள சிறு முற்றத்தில் புதைப்பதுதான் அதுவரை வழக்கம். அந்த முற்றங்கள் நிரம்பி வழிந்தன. ஒரு பெட்டி வைக்கக் குழி தோண்டினால் பழைய எலும்பு வெளியே வரும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதியதை வைப்பார்கள். பல இடங்களில் தரைமட்டமே உயர்ந்துவிட்டது. ஸ்ட்ராண்ட் தெருவுக்கு அருகே ஈனன் சேப்பல் என்றொரு சிற்றாலயம் இருந்தது. மேலே மரப்பலகைத் தளத்தில் மக்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, கீழே நிலவறையில் சுமார் 12,000 சடலங்கள் அடைக்கப்பட்டிருந்ததாக அந்தக் காலப் பதிவுகள் சொல்கின்றன. குறைந்த கட்டணத்தில் அடக்கம் செய்து தருகிறோம் என்று அந்த ஆலயத்தை நடத்தியவர் செய்த வேலை அது.

1831-32-இல் காலரா வந்தது. நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட வாடையால்தான் நோய் என்று நம்பினார்கள். அதனால் புதைகுழிகளின் நாற்றம் மனத்தை நோகடிக்கும் விஷயமாக மட்டும் இருக்கவில்லை, உயிரைப் பறிக்கும் விஷயமாகவும் தெரிந்தது. ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் என்ற அறுவை மருத்துவர் லண்டன் இடுகாடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, அங்கே கண்டதை 1839-இல் அச்சிட்டு வெளியிட்டார். காரணத்தில் தவறினாலும் காரியத்தில் அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள்: ஊருக்கு நடுவே பிணங்களைக் குவிக்கக் கூடாது. 1852-இல் வந்த சட்டம் நகர மையத்துத் தேவாலய முற்றங்களில் அடக்கம் செய்வதை நிறுத்த வழி செய்தது.

அதற்கு முன்பே தனியார் கம்பெனிகள் களத்தில் இறங்கிவிட்டன. பாரிஸில் 1804-இல் திறக்கப்பட்ட பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் அவர்களுக்கு முன்மாதிரி. ஊருக்கு வெளியே, மரமும் வளைந்த பாதையுமாக, பூங்கா போன்ற இடம். 1833-இல் கென்சல் கிரீன் திறந்தது. 1837-இல் வெஸ்ட் நார்வுட், 1839-இல் ஹைகேட், 1840-இல் ஆப்னி பார்க், பிராம்ப்டன், நன்ஹெட், 1841-இல் டவர் ஹாம்லெட்ஸ். லண்டனைச் சுற்றி வளையம் போட்டது போல அமைந்த இந்த ஏழையும் சேர்த்து 'மகத்தான ஏழு' என்று பிற்காலத்தில் அழைக்க ஆரம்பித்தார்கள்.

ஹைகேட்டைத் தொடங்கியவர் ஸ்டீபன் கியரி என்ற கட்டடக் கலைஞர். மேட்டின் சரிவில் பழைய மாளிகை ஒன்றின் தோட்டமாக இருந்த 17 ஏக்கரை அவருடைய கம்பெனி 3,500 பவுண்டுக்கு வாங்கியது. அதில் 15 ஏக்கர் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயரால் மந்திரித்துப் புனிதமாக்கப்பட்டது. மீதி 2 ஏக்கர் அந்தத் திருச்சபையில் சேராதவர்களுக்கு. மின்சாரத்தின் அடிப்படைகளைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே சாண்டிமானியர் என்ற சிறு சபையைச் சேர்ந்தவர் என்பதால், 1867-இல் அவரைப் புதைத்தது இந்தப் புனிதமாக்கப்படாத மூலையில்தான். சாதாரணக் கல், பெயரும் பிறந்த இறந்த நாளும், அவ்வளவுதான்.

கம்பெனி விற்றது நிலத்தை மட்டும் இல்லை, பிரமிப்பையும்தான். எகிப்து மோகம் ஐரோப்பாவை ஆட்டிவைத்த காலம் அது. தாமரை மொட்டு வடிவத் தூண்கள் தாங்கும் நுழைவாயில் வழியே எகிப்திய வீதிக்குள் போனால், அது வட்டமான ஒரு பள்ளப் பாதையில் முடியும். அந்த வட்டத்தின் நடுவே, கூரை மட்டத்தில், கல்லறைத் தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே நின்ற ஒரு லெபனான் கேதுரு. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு 'லீபனோனின் கேதுரு' பழக்கமான பெயர். மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி மண்ணைத் தோண்டி நிலவறைகளைக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல் தொட்டியில் நட்டு வைத்த பெரிய போன்சாய் மாதிரி இருக்கும். இந்த மரம் திரும்பவும் கதைக்குள் வரும்.

அதற்கும் மேலே, மேட்டின் உச்சியில், 55 அறைகள் கொண்ட நிலவறை வரிசை. அறைக்கு 15 பெட்டி, மொத்தம் 825 பேருக்கு இடம். மண்ணுக்குள் போகாத பெட்டி என்பதால் உள்ளே ஈய உறை போட்டு மூடியாக வேண்டும். வியாபாரம் சூடுபிடித்ததும் 1850-களில் சுவெயின்ஸ் லேன் என்ற சந்துக்கு எதிர்ப்புறம் இன்னொரு 20 ஏக்கர் வாங்கினார்கள். மேற்குப் பக்கச் சிற்றாலயத்தில் பூசை முடிந்ததும் பெட்டி ஒரு நீரழுத்தத் தூக்கியில் மெல்லக் கீழே இறங்கும். தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கம் வழியாகக் கிழக்குப் பக்கம் போய்ச் சேரும். புனித மண்ணை விட்டு வெளியே தெருவைத் தொடாமல் போக வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு.

இன்று இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 53,000 கல்லறைகளில் 1,70,000 பேர் இருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடிப் போவது கார்ல் மார்க்ஸை. 1883 மார்ச் 17 அன்று அவரைப் புதைத்தபோது வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1881-இல் இறந்த மனைவி ஜென்னியின் அருகில், ஒரு ஒதுக்குப்புறமான இடத்தில், தட்டையான கல்லின் கீழ் வைத்தார்கள். இப்போது நாம் படத்தில் பார்க்கும் பெரிய வெண்கலத் தலை 1956-இல் லாரன்ஸ் பிராட்ஷா செய்தது. அதற்கு முன்பே உடல்களை முக்கியப் பாதையின் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் உடைந்த கல் இன்னும் கிடக்கிறது. 2019 பிப்ரவரியில் யாரோ சுத்தியலால் தாக்கியது அந்த வெண்கலத் தலையை இல்லை, குடும்பத்தார் பெயர் பொறித்த பளிங்குப் பலகையை. முதல் கல்லறையில் இருந்து எடுத்து வந்து பதித்த பலகை அது. அந்த இடத்தில் உண்மையிலேயே பழையது அது ஒன்றுதான். அதனால்தான் அந்தச் சேதம் மனத்தை இத்தனை வருத்துகிறது.

பெரிய பெயர்களைவிட என்னை நிறுத்தி வைப்பவை இரண்டு விலங்குகள். ஒன்று, ஜார்ஜ் வோம்ப்வெல் கல்லறையின் மேல் படுத்திருக்கும் சிங்கம். ஊர் ஊராக விலங்குகளைக் கொண்டுபோய்க் காட்டிய மனிதர் அவர், 1850-இல் இறந்தார். அவருடைய நீரோ என்ற சிங்கம் சாதுவானது என்று பெயரெடுத்தது. கல்லில் அது முன்னங்கால் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்து கிடக்கிறது. இன்னொன்று, டாம் சேயர்ஸ் என்ற குத்துச்சண்டை வீரரின் காலடியில் கிடக்கும் நாய். அதன் பெயர் லயன். 1865-இல் நடந்த சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கழுத்தில் கறுப்புத் துணி கட்டிய அந்த நாய்தான் முதல் துக்கக்காரராக வண்டியில் போனது.

சரி, இவ்வளவு செல்வாக்கான இடம் எப்படிப் புதர் மண்டிப் போனது? விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கல்லறையை ஒருமுறைதான் விற்க முடியும். விலை அன்றே கைக்கு வந்துவிடும். ஆனால் பாதையைப் பெருக்குவதும் புல் வெட்டுவதும் சாய்ந்த கல்லை நிமிர்த்துவதும் முடிவே இல்லாத செலவு. புதிதாக விற்க இடம் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. புது விற்பனையின் காசு பழைய கல்லறைகளின் பராமரிப்புக்குப் போகும். இடம் தீர்ந்ததும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. தொடங்கிய அன்றே முடிவும் எழுதப்பட்டுவிட்ட தொழில் என்றே சொல்ல வேண்டும்.

மற்றதெல்லாம் அந்த முடிவை வேகப்படுத்தியது. முதல் உலகப் போர் தோட்டக்காரர்களைக் கொண்டுபோனது. ஆடம்பரமான சாவுச் சடங்குகள் மேல் மக்களுக்கு மனமில்லாமல் போனது. 1885-இல் சட்டப்படி தொடங்கிய எரியூட்டல் மெல்ல மெல்லப் பரவி, 1960-களில் புதைப்பதைவிடப் பெருகிவிட்டது. கல்லறை வாங்கிய குடும்பங்களில் மூன்றாம் தலைமுறைக்குத் தாத்தாவின் தாத்தா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. 1960-இல் ஹைகேட் கம்பெனி வேறொரு கம்பெனியில் கரைந்தது. 1970-இல் அங்கே ரத்தக்காட்டேரி உலாவுகிறது என்று வதந்தி கிளம்பி, இரவில் கூட்டம் மதிலேறிக் குதித்தது. நிலவறைகளை உடைத்தார்கள், பெட்டிகளை இழுத்துப் போட்டார்கள். 1975-இல் மேற்குப் பக்கத்தின் கதவை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து 'ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் உள்ளே போனபோது பார்த்தது தோட்டத்தை இல்லை, காட்டை.

அந்தக் காட்டை யாரும் நடவில்லை. ஆஷ் மரத்துக்கும் சிக்கமோர் மரத்துக்கும் இறக்கை வைத்த விதை. காற்றில் சுழன்று வந்து இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள விரிசலில் விழுந்தால் போதும். புல் வெட்டும் ஆள் வந்தவரை அந்தக் கன்றுகள் ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததில்லை. ஆள் வராமல் போனதும் ஐம்பது ஆண்டில் தலைக்கு மேல் கூரை போட்டுவிட்டன. வேர் வீங்க வீங்கக் கல் சாய்ந்தது. சாய்ந்த கல்லை அடிமரம் விழுங்க ஆரம்பித்தது. பாதி எழுத்து மரப்பட்டைக்குள் போய்விட்ட கல்லறைக் கற்களை அங்கே பார்க்கலாம்.

இதில் அதிகம் திட்டு வாங்குவது ஐவிக் கொடி. அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள மட்டுமே சிறு வேர் விடுகிறது. மற்றப் பூக்கள் எல்லாம் ஓய்ந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரை அது பூக்கும். வெயில் அடிக்கும் ஓர் அக்டோபர் மதியத்தில் ஐவி போர்த்திய கல்லறை ஒன்றின் பக்கத்தில் நின்றால் கல்லே ரீங்காரமிடுவது போலக் கேட்கும்: தேனீ, குளவி, ஈ, பட்டாம்பூச்சி எல்லாம் குளிருக்கு முந்திய கடைசிப் பந்திக்கு வந்திருக்கும். காய்கள் பனிக்காலத்தின் பிற்பகுதியில் பழுக்கும், வேறெதுவும் கிடைக்காத பறவைகளுக்கு அது சோறு. நல்ல நிலையிலுள்ள சுவரை ஐவி வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காக்கக்கூடச் செய்யும். விரிசல் இருந்தால்தான் ஆபத்து. தண்டு உள்ளே நுழைந்து பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

கல்லின் மேலேயே ஒட்டி வாழும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி எல்லோருக்கும் தெரியும். அது உண்மையில் பாசி இல்லை; பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். அதன் உறவுக்காரர்கள்தான் இந்தக் கற்களில் ஆரஞ்சு, சாம்பல், வெளிர்பச்சை வட்டங்களாகப் படர்ந்திருப்பவை. லண்டனில் இயற்கையான பாறை கிடையாது. கல்லறைத் தோட்டத்திலோ சுண்ணாம்புக்கல், மணற்கல், கிரானைட், பளிங்கு எல்லாம் தூரத்திலிருந்து வந்து அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு லைக்கன். பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கல்லில் வருடம் பொறித்திருப்பதால் அதன் மேல் உள்ள வட்டத்துக்கு அதிகபட்சம் எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். இவ்வளவு தெளிவாகத் தேதி போட்ட பாறை இயற்கையில் எங்கும் கிடைக்காது. நிலக்கரிப் புகை மூடிய காலத்தில் நகரத்து லைக்கன்கள் பெரும்பாலும் அழிந்தன. 1956-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. அதனால் தாத்தாவின் கல்லறையைத் 'தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடலாம்' என்று கம்பிப் பிரஷோடு வரும் நல்ல மனம் படைத்த பேரப்பிள்ளை, ஒரே மதியத்தில் அறுபது ஆண்டு வளர்ச்சியைச் சுரண்டிப் போட்டுவிடுகிறார். கல்லின் மேல்தோலும் அதோடு போகிறது.

கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் உழவாரம் எடுத்துப் பிடுங்குவது நமக்குப் பழகிய புண்ணியம். ஹைகேட்டில் அந்த உழவாரத்தை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் வெட்டினால் ஆந்தையும் மரங்கொத்தியும் நரியும் போய்விடும். எதையுமே வெட்டாவிட்டால் இன்னும் ஐம்பது ஆண்டில் கல் ஒன்றும் மிஞ்சாது, அதன் பிறகு அது சிக்கமோர் மட்டுமே நிற்கும் நிழல் காடாகி அதன் வளமும் குறையும். நண்பர்கள் அமைப்பு தேர்ந்தெடுத்த பாதைக்கு அவர்களே வைத்த பெயர் 'திட்டமிட்ட புறக்கணிப்பு'. எந்தக் கல் முக்கியமோ அதைச் சுற்றி மரத்தை எடுப்பது, வேறோர் இடத்தில் கல் சாய்ந்தால் சாயட்டும் என்று விடுவது, வெளிச்சம் விழ அங்கங்கே கூரையைத் திறப்பது, வெட்டிய மரத்தை வண்டுக்கும் பூஞ்சைக்கும் அங்கேயே கிடக்க விடுவது. பிரிட்டனில் வௌவால் எல்லாமே சட்டப் பாதுகாப்புக்குள் வருகின்றன. அதனால் அவை தங்கும் நிலவறையின் கூரை ஓட்டையை அடைப்பதற்குக்கூட யோசித்து, அனுமதி வாங்கி, காலம் பார்த்துச் செய்ய வேண்டும். கேட்க எளிது, செய்வது மரம் மரமாக, கல் கல்லாக முடிவெடுக்கும் வேலை. இந்த நிதானத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மற்றத் தோட்டங்களும் இதே கேள்விக்குத் தங்கள் பதிலைத் தேடின. ஆப்னி பார்க் ஆரம்பத்திலேயே மரக் காட்சித் தோட்டம்: லாடிஜஸ் என்ற நாற்றங்கால் நிறுவனம் 2,500 வகை மரம் செடிகளை ஆங்கில அகர வரிசையில் சுற்றிலும் நட்டது. இன்று அங்கே பட்டுப்போன மரத்தில் வாழும் பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும்தான் பெயர். நன்ஹெட் தோட்டத்தை 1975-இல் உள்ளூர் மன்றம் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தென் லண்டன் பகுதிகளில், மான்கொம்பு மாதிரித் தாடை கொண்ட பெரிய வண்டு இன்னும் பிழைத்திருக்கிறது. அதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் கட்டையைத் தின்றபடி பல ஆண்டு கிடக்கும், அதற்குக் கலைக்காத மண் வேண்டும். டவர் ஹாம்லெட்ஸ் ஏழைகளின் தோட்டம்; தனிக் கல்லறைக்குக் காசில்லாதவர்களை, ஒருவரையொருவர் அறியாத பலரோடு ஒரே குழியில் புதைத்தார்கள், பெயர்ப்பலகைகூட இல்லாமல். 1966-இல் அடக்கம் நின்றது, 2000-இல் அது உள்ளூர் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கல்லில்லாதவர்களின் நினைவுக்கு அந்த மரங்களாவது இருக்கின்றன.

லண்டனுக்கு வெளியே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த ராஜாராம் மோகன் ராய் 1833-இல் பிரிஸ்டல் நகரில் இறந்தார். பத்து ஆண்டு கழித்து அவருடைய உடலை ஆர்னோஸ் வேல் என்ற புதிய கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி, வங்கப் பாணியில் தூண்களோடு ஒரு மண்டபம் எழுப்பியவர் துவாரகநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் தாத்தா. அவரும் 1846-இல் லண்டனில் இறந்து கென்சல் கிரீனில் அடக்கமானார். ஆர்னோஸ் வேலின் 45 ஏக்கரும் ஹைகேட் போலவே காடாகி, தனியார் உரிமையாளர் கையில் கட்டட மனையாக மாறிவிடும் ஆபத்துக்கு உள்ளானது. பிரிஸ்டல் மக்கள் பல ஆண்டு போராடினார்கள். 2003-இல் மாநகர மன்றம் அதைக் கட்டாயக் கொள்முதல் செய்தது.

ஹைகேட்டில் பழைய பணக்கணக்கு இன்னும் தீரவில்லை. அங்கே இன்றும் அடக்கம் நடக்கிறது, அந்த வருமானம் பராமரிப்புக்கு வேண்டும், ஆனால் இடம் இல்லை. 2022-இல் நாடாளுமன்றம் ஹைகேட்டுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 75 ஆண்டுக்கும் மேல் யாரும் புதைக்கப்படாத கல்லறைகளை, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, குடும்பத்தார் எதிர்க்காவிட்டால் திரும்பப் பயன்படுத்தலாம். சிலருக்கு இது வேதனை. எனக்கு இதில் தவறு தெரியவில்லை. 'காலகாலத்துக்கும்' என்று விற்றதுதான் முதல் பிழை.

ஆஷ் மரங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. 2012-இல் பிரிட்டனில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் நாடெங்கும் அவற்றைக் கொன்று வருகிறது. கீழே மனிதர்கள் நடக்கும் பாதை, பக்கத்தில் பழைய கல். காய்ந்த மரத்தை நிற்க விட முடியாது. பெரிய கேதுருவும் தப்பவில்லை. நோய் உள்ளே தின்றுவிட்டதால் 2019-இல் அதை வெட்ட வேண்டியதாயிற்று. நிலவறை வட்டத்தின் மேல், அதே இடத்தில், புதிதாக ஒரு கேதுருக் கன்றை நட்டிருக்கிறார்கள். முந்தைய மரத்தைப் போலக் கிளை விரிக்க அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.